அந்தமான்: கடல், காடு, குகை கேள்வி பதில்

கேள்வி (மதுரை): டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வருகிறோம். நீல் தீவில் பகலில் சுற்றிவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் இயற்கைப் பாலத்தைப் பார்க்கலாமா?

முடியாது. இங்கேயும் இந்திய நேரம்தான், ஆனால் தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குக் கும்மிருட்டு.

அந்தப் பாறை வளைவுக்கு நீர் வற்றும் நேரத்தில்தான் போக முடியும். ஏறும் நேரத்தில் போனால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அதுவும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று போனவர் சொல்லும் நேரம் இன்றைக்கு ஒத்துவராது. விடுதியில் அன்றைய வற்று நேரத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் வண்டி பேசுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். குட்டைகளில் கடலட்டையும் சின்ன மீன்களும் தெரியும். வழுக்காத செருப்பு அவசியம். உயிருள்ள பவளத்தை மிதித்துவிடாதீர்கள்.

கேள்வி (சேலம்): எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்கூபா (காற்றுக் கலனோடு கடலுக்குள் மூழ்குவது) செய்யலாமா?

தாராளமாக. ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) முதல் முறை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு போவார். 10 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் வராதீர்கள். படிவத்தில் மறைத்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இறங்கிய அன்றே விமானம் ஏறாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பலர் ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி (கோவை): இரவில் கடல் ஒளிர்வதைப் பார்க்க எப்போது வரவேண்டும்?

அமாவாசையை ஒட்டி வாருங்கள். நீரில் மிதக்கும் ஒருசெல் உயிரிகள் அசைவு பட்டதும் நீலமாக ஒளிரும். நிலா வெளிச்சத்தில் அது தெரியாது. ஹேவ்லாக்கில் அலையாத்திக் காட்டோரம் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போவார்கள். துடுப்பு போடப் போட வெளிச்சம் சிதறும். கைபேசியில் படம் சரியாக வராது.

கேள்வி (திருச்சி): பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம் என்கிறார்களே?

அந்த எண்ணத்தோடு வருவதாக இருந்தால் பாராடாங்கே வேண்டாம். அந்தச் சாலை அவர்களுடைய காப்பகத்துக்குள் போகிறது. வண்டிகள் வரிசையாகத்தான் போகும். நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். 1956-லேயே பழங்குடியினரைக் காக்க இங்கே தனிச் சட்டம் போட்டார்கள்.

சரி, பாராடாங்கில் என்ன இருக்கிறது? அலையாத்தி மரங்கள் கவிந்த ஓடை வழியாகப் படகுப் பயணம், அப்புறம் சின்ன நடை, கடைசியில் சுண்ணாம்புக் குகை. எனக்குக் குகையைவிட அந்த ஓடைதான் பிடிக்கும். சேற்று எரிமலையில் குழம்பு மெல்லக் குமிழியிடும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): மலையேற்றம் உண்டா?

உண்டு. வடக்கே திக்லிபூர் பக்கம் சாடில் பீக், 732 மீட்டர், தீவுகளிலேயே உயரமானது. ஆனால் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போனால் பக்கத்தில் காலிபூர் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இரவில் ஆமைகள் முட்டையிட வரும். வனத்துறையினர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள், டார்ச் அடிக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): முதலை பயம் உண்டா அக்கா?

உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை அருகே ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் ஓடை முகத்துவாரத்திலும் இறங்காதீர்கள். அந்தி சாய்ந்த பிறகு குளிக்கவே வேண்டாம். கூட்டமாக எல்லாரும் குளிக்கும் இடத்தில் பகலில் ஆபத்து குறைவு.

கேள்வி (ஈரோடு): கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வரலாமா?

வேண்டாம். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். விமான நிலையத்தில் பையைத் துழாவி எடுத்துவிடுவார்கள்.