அப்பா குடிநோயாளி, எனக்குப் போதை சீக்கிரம் ஏறுவதில்லை: நான் தப்பித்தேனா?

நண்பர்கள் இரண்டு ரவுண்டிலேயே தள்ளாடுகிறார்கள், நான் மட்டும் நிதானமாக இருக்கிறேன், அதனால் அப்பாவின் குடி எனக்கு வராதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அது எச்சரிக்கை மணி. அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களை இருபது வயதுவாக்கில் சோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். போதை குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அதிகம் அடிமையானார்கள். மற்றவர்களுக்கு உடம்பு 'போதும்' என்று சொல்லிவிடும். இவர்களுக்கு அது தாமதமாகத்தான் சொல்லும், அதற்குள் அளவு கூடிவிடும்.

அப்புறம், மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். குடி அடிமைத்தனத்தில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது ஒரே மரபணுவில் இல்லை, ஏராளமான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. உங்கள் குடும்பக் கதையே அந்த டெஸ்ட்டைவிட அதிகம் சொல்லும்.

வாரம் ஒருமுறைதான் என்கிறீர்கள். சரி, விடுவதற்கு இதுதான் சுலபமான நேரம், இப்போதே முழுதாக விட்டுவிடுங்கள். முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.