டெஸ்டர் 'நல்லது' என்கிறது, ஃபால்ட் ஏன் திரும்ப வருகிறது?

லைன் மெயின்டனன்சில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஏ320 விமானத்தில் லேண்டிங் கியர் பிராக்ஸிமிட்டி சென்சார் (உலோகப் பகுதி அருகில் இருக்கிறதா என்று தொடாமலே பார்க்கும் சென்சார்) ஃபால்ட், சென்சாரையே மாற்றியும் மூன்றாம் நாள் அதே செய்தி, கையடக்க டெஸ்டரை மாட்டினால் 'நல்லது' என்று காட்டுகிறது, இனி எதை நம்புவது?

டெஸ்டரை நம்புங்கள். ஆனால் அது சொல்வது அந்த நிமிஷத்து நிலையை மட்டும்தான்.

முதலில், நீங்கள் மாற்றியது சரியான சென்சார்தானா? ஏ320-ல் இரண்டு எல்ஜிசிஐயு (இந்தச் சென்சார்களைப் படிக்கும் லேண்டிங் கியர் கம்ப்யூட்டர்) உண்டு, ஒரே நிலையை இரண்டு சிஸ்டத்துக்கும் தனித்தனி சென்சார்கள் பார்க்கின்றன, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பக்கத்துச் சென்சாரைக் கழற்றிவிடுவது நிறையவே நடக்கிறது.

அப்புறம் வகை. மூன்று கம்பி சென்சாருக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்கும், 28 வோல்ட் கொடுத்தால் தானே 'அருகில்', 'தொலைவில்' என்று சொல்லிவிடும். இரண்டு கம்பி வகை வெறும் காயில். டார்கெட், அதாவது எதிரே வரும் உலோகத் துண்டு, நெருங்கும்போது காயிலின் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம்) மாறுவதைக் கம்ப்யூட்டர்தான் அளக்கிறது. அதனால் இரண்டு கம்பி சென்சாரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து 'சரி' என்று எழுதிவிடாதீர்கள். டார்கெட் ஒட்டி நின்றாலும் தள்ளி நின்றாலும் ஓம்ஸ் மாறாது. காயிலில் சில சுற்றுகள் ஷார்ட் ஆனாலும் ஓம்ஸில் பெரிதாகத் தெரியாது, இண்டக்டன்ஸில்தான் தெரியும். டெஸ்டரில் வகையைத் தப்பாக வைத்து காயிலுக்கு 28 வோல்ட் நேரடியாகக் கொடுத்தால் அதுவே கெட்டுவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் உள்ள சென்சாரில் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைக்கவே கூடாது.

சென்சார் முகத்துக்கு எதிரே ஸ்குரூடிரைவரைக் காட்டி டெஸ்டர் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சென்சாருக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அது போதும், கேப் (சென்சாருக்கும் டார்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) சரியா என்பதற்குப் போதாது. விமானத்தின் சொந்த டார்கெட்டை வைத்து, பிளாஸ்டிக் ஃபீலர் கேஜால் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடு) கேப் எடுத்து, மேனுவல் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்டீல் ஃபீலரை உள்ளே விட்டபடி டெஸ்டரைப் பார்த்தால் சென்சார் அதையே டார்கெட் என்று எடுத்துக்கொள்ளும். கேப் எல்லையின் விளிம்பில் இருந்தால் தரையில் எல்லாம் சரியாக இருக்கும், மேலே கடுங்குளிரிலும் அதிர்விலும் கைவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நான் சந்தேகப்படுவது ஹார்னஸை, சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பிக் கட்டை. ஒரு விமானத்தில் இதே கதைதான், இரண்டு சென்சார் மாற்றியாகிவிட்டது. டெஸ்டரைச் சென்சாரில் மாட்டாமல் கம்ப்யூட்டர் பக்கக் கனெக்டரில் மாட்டி, ஹார்னஸ் வழியாகவே பார்த்தோம். அப்போதும் நல்லது. ஒருவர் டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கியர் மடங்கும் இடத்தில் ஹார்னஸை மெல்ல வளைத்தார், விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மேல் உறை முழுசாக இருந்தது, உள்ளே ஒரு கம்பி இழை இழையாக அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள், பின்னில் பச்சை பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன், கியர் பின்கள் (கியர் மடங்காமல் தடுப்பவை) மாட்டியாக வேண்டும், மேனுவல் சொல்லும் சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து டேக் போட்டாக வேண்டும். சென்சாரைக் கழற்றினாலோ அதன் முன் இரும்பைக் காட்டினாலோ, விமானம் தான் பறப்பதாக நினைத்துக்கொள்ளலாம், கியர் கதவுக்குள் ஆள் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது.