வீட்டில் கிடைக்கும் பழைய பொருட்கள், இலை, விதை இவற்றை வைத்துக் கலைப்பொருட்கள் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? செய்தது பூச்சி பிடிக்காமல் இருக்க என்ன வழி?

முதல் வேலையாக, கைவினைப் பொருள் விற்கும் கடைப் பக்கம் போகாதீர்கள். போனால் தங்க நிற ஸ்ப்ரே, மினுமினுப்புத் தூள், பிளாஸ்டிக் முத்து என்று பை நிறைந்துவிடும். அப்புறம் பழைய பாட்டில் ஒன்றுக்குத் தங்க வேஷம் போட்டு டிவி பக்கத்தில் நிற்க வைத்து, வருஷக்கணக்கில் தூசி தட்டிக்கொண்டிருப்போம். பாட்டிலைப் பாட்டிலாக இருக்கவிடாத இந்த வேலை எனக்கு ஏனோ பிடிப்பதே இல்லை.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிரட்டையோ, பழைய செய்தித்தாளோ, அரச இலையோ, எது உங்கள் வீட்டைச் சுற்றித் தாராளமாகக் கிடைக்கிறதோ அது. சிரட்டை ஒன்று, சிப்பி இரண்டு, ஐஸ் குச்சி நாலு என்று கலந்து ஒட்டினால் பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரிதான் இருக்கும். ஒரே பொருள் குவியலாகச் சேரும்போதுதான் அது என்னவாக ஆகும் என்று கண்ணுக்குத் தெரியும்.

இதைச் செய்து காட்டியவர் சண்டிகரின் நேக் சந்த். அரசாங்கத்தில் சாலை ஆய்வாளர் வேலை. புது நகரம் கட்டுவதற்காகக் கிராமங்களை இடித்தபோது மிஞ்சிய உடைசல்களைச் சேர்த்து, 1957 வாக்கில் சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்ய ஆரம்பித்தார். 1970களின் நடுவில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. நல்லவேளை, இடிக்கவில்லை, 1976இல் ராக் கார்டன் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து உடுத்திவிட்ட உருவங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வளையல் துண்டு காலில் குத்தும் குப்பை. அவ்வளவு துண்டுகள் சேர்ந்தால் பட்டுப் பாவாடை.

வீட்டளவில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் காகிதக் கூடையைச் சொல்வேன். நம் பாட்டிமார் செய்ததுதான். செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாடை வரும். ஒரு கை வெந்தயத்தைத் தனியாக இரவே ஊறவைத்து, வழுவழுவென்று அரைத்துக்கொள்ளுங்கள். பசையும் அதுதான், அதன் கசப்புக்குப் பூச்சி கிட்டே வராது என்பது பாட்டிமார் கணக்கு. காகிதத்தைப் பிழிந்து ஆட்டுக்கல்லில் போட்டு, வெந்தய விழுதோடு சேர்த்து ஆட்டவேண்டும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாகத் திணித்தால் மோட்டார் புகைந்துவிடும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக வந்தால் சரி.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் விழுதை அரை விரல் கனத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். வாய் அகன்ற பேசின் நல்லது. குடம் என்றால் அடிப்பாதி வரைதான். அதற்குக் கீழே போனால் குடத்தை வெளியே எடுக்கவே முடியாது. காயக் காயக் கூழ் சுருங்கிப் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேற்புறம் காய்ந்து, உள்ளே லேசாக ஈரம் இருக்கும்போதே பாத்திரத்தை உருவிவிட்டு, கூடையை மட்டும் மறுபடி வெயிலில் வையுங்கள். முழுதாகக் காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று மரச்சத்தம் கேட்கும். சாம்பல் நிறம், விரல் தடம் அப்படியே தெரியும். அதன்மேல் பெயின்ட் அடிக்காமல் விட்டால் எனக்குச் சந்தோஷம்.

நிறம் வேண்டும் என்றால் சமையலறையிலேயே இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. ஆனால் மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், பீட்ரூட் அதைவிட மோசம். நிற்கிற நிறம் கறுப்புதான். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிடுவது கலம்காரிக்காரர்களின் வழி. கூடைமேல் முதலில் கடுக்காய்த் தண்ணீரோ கெட்டியான டீ டிகாக்ஷனோ பூசிக் காயவிட்டு, பிறகு இந்த இரும்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போடுங்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண் முன்னாலேயே கறுக்கும். முதல் தடவை பார்க்கும்போது குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள்.

அரச இலை வேலை இன்னும் எளிது, பொறுமைதான் வேண்டும். முற்றிய இலைகளை வாளித் தண்ணீரில் மூன்று நாலு வாரம் போட்டுவிட்டால் சதை அழுகும். தட்டில் வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தடவினால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். நாற்றம் தாங்காதவர்கள் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைக்கலாம். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடாது, சோடா அரித்துவிடும்.

பூச்சிக்கு வருகிறேன். விதை, காய் எதுவானாலும் சதையை முழுக்க எடுத்துவிட்டு, நல்ல வெயிலில் காயவைத்து, பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் போடுங்கள். உள்ளே முட்டையோ புழுவோ இருந்தாலும் பெரும்பாலும் செத்துவிடும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

விதைகளில் குன்றிமணி மட்டும் வேண்டாம். பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அதேதான். மேலோடு கெட்டி என்பதால் பார்க்கச் சாது. ஆனால் ஊசியால் துளைத்தாலோ கடித்தாலோ உள்ளே இருப்பது உயிரை வாங்கும் விஷம். மாலை கோக்க அதைத் தொடவே தொடாதீர்கள், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவும் வேண்டாம். கடற்கரையில் சிப்பி, சங்கு பொறுக்கினால் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வெள்ளை வெளேரென்று அழகாகக் கிடந்தாலும் பவளப்பாறைத் துண்டுகளை எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே பட்டியலில்தான் இடம்.