கோண்டைக் கும்பிடும் கிளெரிக்கை எப்படி விளையாடுவது?

கேள்வி: நண்பர்களோடு புதிதாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையில் ஆடும் கதை விளையாட்டு) ஆரம்பித்திருக்கிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம். எனக்கு மனித கிளெரிக், அதாவது தெய்வத்தின் அருளால் மந்திரம் போடும் பூசாரி. கைவினைக்கான தெய்வம் என்பதால் கோண்டைத் தேர்ந்தெடுத்தேன். புத்தகத்தில் அவருக்கு நாலெட்ஜ் (அறிவு) டொமைன், அதாவது அருள்துறை, போட்டிருக்கிறது, நண்பர் ஃபோர்ஜ் (கொல்லுலை)தான் சரி என்கிறார். எதை எடுப்பது? வெடிமருந்து செய்ய முடியுமா? "கும்பிடுகிறேன்" என்று சொல்வதைத் தவிர மேசையில் இந்த பக்தனை வைத்து என்னதான் செய்வது?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது, ஆனால் டொமைனை முடிவு செய்யாமல் அதற்குப் போக முடியாது.

2014 விதிப்புத்தகம் வந்தபோது ஃபோர்ஜ் டொமைன் என்ற ஒன்றே கிடையாது. அதனால்தான் கோண்டுக்கு நேராக நாலெட்ஜ் மட்டும் இருக்கிறது. 2017-இல் வந்த சானதார் கையேடு என்ற கூடுதல் விதிப்புத்தகத்தில் ஃபோர்ஜ் சேர்ந்தது, அதில் கோண்டும் உண்டு. ஆக இரண்டுமே அவருடையதுதான். உங்கள் ஆள் பட்டறையில் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதிவைக்கிறவரா, உலைக்கு முன்னால் நிற்கிறவரா என்பதே கேள்வி. புது ஆட்டக்காரருக்கு நான் யோசிக்காமல் ஃபோர்ஜ் சொல்வேன். நாலெட்ஜில் இரண்டு மொழிகளும் இரண்டு திறமைகளில் இரட்டிப்பு போனஸும் கிடைக்கும், நல்ல விஷயம்தான், ஆனால் அதன் சுவை தெரிய உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நிறைய புதிர்களும் பழைய நூலகங்களும் வைக்க வேண்டும். ஃபோர்ஜில் முதல் நாளே கையில் வேலை இருக்கும்.

முதல் லெவலில் வரும் பட்டறை ஆசியைப் பாருங்கள். நீண்ட ஓய்வு முடிந்ததும் மந்திரமில்லாத ஒரு ஆயுதத்தையோ கவசத்தையோ தொட்டால், அடுத்த நீண்ட ஓய்வு முடியும்வரை அது +1 மந்திரப் பொருள். நிறையப் பேர் இதைத் தங்கள் கவசத்துக்கே போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். தினமும் காலையில் வேறொரு தோழரின் வாளை வாங்கி, தட்டிப் பார்த்து, குறை சொல்லி, ஆசி போட்டுத் திருப்பிக் கொடுங்கள். சாதாரண இரும்பு ஓநாய்மனிதனைத் தொடவே தொடாது என்ற நிலையில், உங்கள் கைபட்ட அந்த ஒரு வாள் மட்டும் வெட்டும். அன்றைக்கு மேசையில் யாருக்கும் கோண்ட் யார் என்று விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாம் லெவலில் வருவது இன்னும் அழகு. ஒரு மணி நேரச் சடங்கு, எதிரே உலோகத்தைப் பரப்பிவைக்க வேண்டும், நாணயமாக இருந்தாலும் போதும், முடிவில் அந்த மதிப்புக்கே ஒரு பொருள் உருவாகிவிடும். 100 பொற்காசுக்கு மேல் போகக் கூடாது, கொஞ்சமாவது உலோகம் இருக்க வேண்டும். மரப்பிடி, தோல்வார் எல்லாம் தானாக வந்து சேரும். விலையில் தள்ளுபடி எதுவும் இல்லை, 75 காசு சங்கிலிக்கவசத்துக்கு 75 காசு மதிப்புள்ள உலோகம் போகத்தான் போகும். ஆனால் கடைத்தெருவே இல்லாத குகைக்குள் கிடைக்கிறதே, அதுதான் லாபம். இதே சடங்கில், அசல் பொருள் கையில் இருந்தால் நகலும் எடுக்கலாம், உதாரணமாக ஒரு சாவி. நான் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் சிறைக்காவலரின் சாவியை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, நகலெடுத்துவிட்டு, அசலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நான் மூன்று வாரம் யோசித்துவைத்த சிறை உடைப்புச் சண்டை நடக்கவே இல்லை, ஆனாலும் அந்த வருடத்தில் நான் மிகவும் ரசித்த ஆட்டம் அதுதான்.

கையில் பெரிய போர்ச்சுத்தியலோடு உங்கள் ஆளைக் கற்பனை செய்திருந்தால் ஒன்று கவனியுங்கள். ஃபோர்ஜ் டொமைன் கனரகக் கவசத்துக்கும் கொல்லர் கருவிகளுக்கும் பயிற்சி தருகிறது, போர் ஆயுதங்களுக்குத் தருவதில்லை. போர்ச்சுத்தியல் குள்ளர் இனத்து கிளெரிக்குக்குச் சரி, மனிதருக்கு கதாயுதமோ சின்னச் சுத்தியலோதான். மூன்றாம் லெவலில் ஹீட் மெட்டல் என்ற, உலோகத்தைச் சூடாக்கும் மந்திரம் வந்துவிட்டால் ஆயுதத்தைப் பற்றி கவலையே படமாட்டீர்கள். கவசம் போட்டவன் அதை நினைத்தவுடன் கழற்ற முடியாது, அப்புறம் ஒவ்வொரு சுற்றும் 2டி8 சூடு, அதாவது எட்டுமுகப் பகடை இரண்டை உருட்டி வரும் சேதம்.

இனி வெடிமருந்து. இந்த உலகத்தில் அதன் பெயர் ஸ்மோக்பவுடர், அது மந்திரப் பொருள். மந்திரத்தை நீக்கும் டிஸ்பெல் மேஜிக் போட்டால் அந்தப் பொடி நிரந்தரமாகச் செத்துவிடும். கதைப்படி, 1358 டிஆர் (அந்த உலகத்து ஆண்டுக்கணக்கு) ஆண்டில் தெய்வங்கள் பூமிக்குத் தள்ளப்பட்டபோது கோண்ட் ஒரு நோம் (குட்டையான ஓர் இனம்) உருவத்தில் லான்டான் தீவில் கரையேறினார், அடைக்கலம் தந்த மக்களுக்கு நன்றியாக இதன் ரகசியத்தைக் கொடுத்தார். அதனால் உங்கள் ஆளுக்கு அது புனிதமானது, கடையில் வாங்கும் பட்டாசு இல்லை. மேலே சொன்ன சடங்கில் இதைச் செய்ய முடியாது, மந்திரமில்லாத பொருள்தான் அதில் வரும். டிஎம்மிடம் "எனக்குச் செய்யத் தெரியும்" என்று போய் நிற்காதீர்கள். "இதன் செய்முறையைத் தேடுவதுதான் என் வாழ்நாள் ஆசை" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஒரு கதை கிடைக்கும், உங்களுக்கு ஒரு பயணம் கிடைக்கும்.

சரி, பக்தி. கோண்டைப் பொறுத்தவரை எண்ணத்தைவிடச் செயல்தான் கணக்கு. செய்து பார்ப்பதே வழிபாடு, அதனால் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுக்கிற காட்சியை விட்டுவிடுங்கள். முகாமில் யாராவது காவல் காக்கும்போது உங்கள் ஆள் பொறிக்கதவின் வில்லைக் கழற்றிப் பார்க்கட்டும், பார்த்ததை வரைந்துவைக்கட்டும். நிஜமாகவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் மேசைக்குக் கொண்டுபோங்கள். சந்திக்கிற ஒவ்வொரு பொறியையும், பூட்டையும், விசித்திரமான பாலத்தையும் அதில் கிறுக்குங்கள், பத்து வாரம் கழித்து அது உங்கள் வேதப்புத்தகமாக இருக்கும். கிரீன்கிராஸ் என்ற வசந்தத் திருநாளுக்கு அடுத்து வரும் 12 நாள் இப்பன்ஷைர் திருவிழாவில் அவருடைய பக்தர்கள் கூடி, புதிதாகச் செய்ததை ஒருவருக்கொருவர் காட்டி விருந்து சாப்பிடுவார்கள். அங்கே கொண்டுபோய்க் காட்ட என்ன இருக்கிறது என்பது உங்கள் ஆளின் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கோண்ட் நடுநிலைத் தெய்வம். ஒரு கருவி நல்லதுக்குப் போகிறதா கெட்டதுக்கா என்று அவர் கேட்பதில்லை. ஆனால் உங்கள் ஆள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் செய்துகொடுத்த குறுக்குவில்லை கொள்ளைக்காரன் கையில் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே டிஎம்மோடு பேசிவையுங்கள்.

முதல் பணம் கையில் வந்ததும் 100 காசுக்கு ஒரு முத்து வாங்குங்கள், ஆந்தை இறகும் ஒன்று. மந்திரப் பொருள் என்னவென்று கண்டறியும் ஐடென்டிஃபை மந்திரத்துக்கு இவை வேண்டும். அது உங்களுக்கு எப்போதுமே தயாராக இருக்கும், சடங்காகச் செய்தால் அன்றைக்கு மந்திரம் போட உள்ள வாய்ப்புகளில் ஒன்றும் செலவாகாது, முத்தும் தீராது. முத்து உலோகம் இல்லை, அதனால் அதை மட்டும் நீங்களே செய்துகொள்ள முடியாது.