கோணல் வாசல்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகப் புனேயில் வேலை பார்க்கிறேன். சென்ற திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தென் மும்பையை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். காலை 9 மணிக்கு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ஆரம்பித்து ஃப்ளோரா ஃபவுண்டன், காலா கோடா, மியூசியம், கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபெண்டா, கொலாபா காஸ்வே, மரைன் டிரைவ் என்று மொத்தம் 11 இடங்கள். எலிஃபெண்டா மூடியிருந்தது. கேட்வேயில் நிற்க இடமில்லை, ஒரே கூட்டம். போட்டோ எடுக்கிறேன் என்று நான்கு பேர் மொய்த்தார்கள். பெரிய பலூன் விற்பவர் ஒருவர் அரை மணி நேரம் பின்னாலேயே வந்தார். காஸ்வேயில் 800 ரூபாய் சொன்ன காதணியை 150க்குத் தந்தார்கள். கடைசியில் கால் வலியைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாமே டூரிஸ்டுகளை ஏமாற்றத்தான் என்று தோன்றியது. அடுத்த மாதம் அப்பா, அம்மா முதல்முறையாக வருகிறார்கள். அவர்களை அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போகலாமா? இல்லை, சாதாரண மக்கள் வாழ்கிற அசல் மும்பையைக் காட்டலாமா? அவர்களுக்கு இந்தி தெரியாது. நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., புனே

அன்புள்ள க.,

எலிஃபெண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கையில் போனை வைத்துக்கொண்டு அதைக்கூடப் பார்க்காமல் கிளம்பினால் மும்பை என்ன செய்யும்? காதணியில் 650 ரூபாய் குறைத்து வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக வருத்தப்படுவதும் எனக்குப் புரியவில்லை. இந்தி விவகாரம் இப்போது வேண்டாம். அதை ஆரம்பித்தால் நம் இரண்டு பேருக்கும் இரத்தக் கொதிப்பு ஏறும்.

உண்மையில் உங்களுக்குப் பதில் எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு போட்டோ கிடைத்தது. பின்னால் கேட்வே, முன்னால் எங்கள் அப்பா. அதைத் துடைத்து மேஜையில் வைத்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

போட்டோ இருக்கட்டும். முதலில் இந்தக் ‘கூட்டம்’. உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அந்த வார்த்தை ஒன்பது முறை வருகிறது, எண்ணினேன். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்ற நினைப்பு ஒரு வரியில்கூட இல்லை. உங்களுக்குப் பின்னால் நின்ற சோலாப்பூர்க்காரர் அன்று இரவு வீட்டுக்குப் போய், “ஒரே கூட்டம், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒரு மதராசி வழியை அடைத்துக்கொண்டு நின்றது” என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

கேட்வேக்கு டிக்கெட் கிடையாது. தினக்கூலிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு காசு கொடுக்காமல் நிற்க அந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? கடற்கரையை விட்டால் அதுதான். 2003 ஆகஸ்டில் கேட்வே அருகே டாக்ஸியில் வைத்த குண்டு வெடித்தது. 2008 நவம்பரில் எதிரே இருக்கிற தாஜ் ஹோட்டல் மூன்று நாள் புகைந்தது. அப்புறமும் இந்தக் கூட்டம் வந்தது, அதே பலூன்காரர்கள் வந்தார்கள். இவர்கள் வராமல் போயிருந்தால் நீங்கள் பார்க்க அங்கே கல் மட்டும்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகத்தான் அந்த வாசல். ஆனால் அவர் வந்த அன்று அங்கே நின்றது அட்டையில் செய்த ஒரு மாதிரி வடிவம்தான். 1913இல்தான் அடிக்கல் நாட்டினார்கள், 1924 டிசம்பரில் திறந்தார்கள். மன்னர் அதற்குப் பிறகு இந்தியா பக்கமே வரவில்லை. அவருக்குக் கிடைத்தது அட்டை வாசல், சோலாப்பூர்க்காரருக்குக் கிடைத்தது கல் வாசல். இதில் உங்களுக்கு என்ன கோபம்?

‘அசல் மும்பை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. மாட்டுங்காவில் எட்டுக்குப் பத்து அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். தண்ணீர் விடியற்காலை ஒரு மணி நேரம் வரும். பக்கத்தில் தாராவி. அங்கே இப்போது வழிகாட்டி வைத்து ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுவதை நின்று பார்ப்பது அசல், அதே ஆள் குளித்துத் தலைசீவிக் கடலைப் பார்க்க வந்து நின்றால் அது கூட்டம். நல்ல கணக்கு.

சரி, போட்டோ.

1989. நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா தென்காசிப் பக்கம் கொத்தனார். வயிற்று வலி விடாமல் இருக்கவே, பையன்தான் பம்பாயில் இருக்கிறானே என்று உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து, ரிசல்ட்டுக்கு ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவரை ஸ்லோ லோக்கலில் ஏற்றி வி.டி.க்கு (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) கூட்டிப்போனேன்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. உங்களைப் போல 11 இல்லை, ஏழு. வி.டி. ஸ்டேஷனை ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர் பத்து வருடம் கட்டியதாகப் பெருமையோடு சொன்னேன். அப்பா எதிர்ப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “நகை ரொம்பப் போட்ருக்கு” என்றார். அவ்வளவுதான். ஹைகோர்ட், ராஜாபாய் கோபுரம் எதற்கும் வாய் திறக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ரீகல் தியேட்டரிடம் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தோம். வாசல் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார்.

“என்னலே, இது ரோட்டுக்கு நேரா இல்லையே. கோணலால்லா நிக்கு?”

நான் நாலு வருடமாக அந்த வழியில் போய்வருகிறேன். எனக்கு அது தெரியவே இல்லை. “அதெல்லாம் இல்லப்பா, நீங்க நிக்கிற இடம் அப்படி” என்றேன். அவர் நடுரோட்டுக்குப் போய், ஒரு கண்ணை மூடி, கையை நேராக நீட்டிப் பார்த்தார். டாக்ஸிக்காரன் திட்டினான். “கோணல்தான்” என்றார்.

அதற்கப்புறம் என் பட்டியல் எங்கே போனது என்று தெரியாது. அடிக்குப் போய் உட்கார்ந்தார். கல்லில் உள்ளங்கையை வைத்தார். ரெண்டு கல் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். மஞ்சள் வாக்கில் இருக்கிற பஸால்ட் கல் அது. நகம் எங்கேயும் இடறவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு வரிக்கு எத்தனை சாண் என்று அளந்தார். பின்னால் போய் நின்று வரிகளை எண்ணினார். “80 அடிக்கு மேல இருக்கும்” என்றார். பிற்பாடு பார்த்தேன், புத்தகத்திலும் 80ஐத் தாண்டித்தான் போட்டிருந்தது. குவாலியரிலிருந்து கொண்டுவந்த கல் ஜாலிகளை (துளைகளாகக் கொத்திய கல் தட்டிகள்) காட்டி, “இதைக் கொத்துனவன் கண்ணு போயிருக்கும்” என்றார்.

அப்புறம் என்னிடம் நூல் கேட்டார்.

கடற்கரை வாசலில் நூலுக்கு எங்கே போவது? பலூன்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். சைகையில் கேட்டேன். ஒன்றும் புரியாமல், ஆனால் தாராளமாக ரெண்டு பாகம் பிய்த்துக் கொடுத்தார். நீங்கள் விரட்டிவிட்ட பலூன்காரருடைய மாமாவாகக்கூட இருக்கலாம். அப்பா அந்த நூலில் எங்கள் அறைப் பூட்டைக் கட்டினார். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தூணை ஒட்டித் தொங்கவிட்டார். காற்றில் பூட்டு ஆடியது. ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓடிவந்து காற்றுக்கு மறைவாகக் குறுக்கே நின்றான். அவன் நின்றதும் அவன் சிநேகிதர்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டு நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். கூட்டம்!

போலீஸ் ஹவல்தார் வந்துவிட்டார். “க்யா கர் ரஹா ஹை?” என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

அப்பா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “குண்டு விட்டுப் பாக்கேன்.”

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடுகிற தூக்குக்குண்டைத்தான் சொன்னார். ஹவல்தாருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம். அது 1989 என்பது இன்னொரு அதிர்ஷ்டம். இன்றைக்கு அந்த இடத்தில் யாராவது வாயைத் திறந்து ‘குண்டு’ என்று சொல்லட்டும் பார்க்கலாம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்தில் கேமரா தொங்க, காலையிலிருந்து எங்களை போட்டோவுக்கு நச்சரித்துக்கொண்டிருந்தவர்தான் இடையில் புகுந்தார். “மிஸ்திரி ஹை, சாப், மிஸ்திரி.” அப்பா உடனே திரும்பி, “ஆமா, மேஸ்திரி” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரெண்டுமே போர்த்துகீசியர் விட்டுப்போன ஒரே வார்த்தை என்பது அந்த மூன்று பேருக்கும் தெரியாது. ஹவல்தார் சிரித்தார். பிறகு அவரும் குனிந்து நூலைப் பார்த்தார்.

பூட்டு நின்றது. நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் மேலே எவ்வளவு இடைவெளியோ கீழேயும் அவ்வளவே. அப்பா எல்லோரையும் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பையன்கள் கைதட்டினார்கள்.

“வேலை சுத்தம்லே. தூக்குல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா தலைவாசலைக் கோணலா வச்சிட்டானே, வச்ச குடும்பம் தங்கிச்சா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1948 பிப்ரவரி 28ஆம் தேதி வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கடைசிப் படை அந்த வாசல் வழியாகத்தான் கப்பலேறிப் போனது என்று சொன்னேன். திறந்து 23 வருடம்கூட முழுசாகக் குடியிருக்கவில்லை, 1947லேயே வீடு கைமாறிவிட்டது. அப்பா ஆச்சரியப்படவே இல்லை. “பின்ன?” என்றார்.

போட்டோக்காரருக்கு நன்றிக்கடனாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது தோள்பையிலேயே பிரிண்டரை வைத்துக்கொண்டு கையோடு கொடுத்துவிடுகிறார்கள். அப்போது காசை வாங்கிக்கொண்டு, விலாசம் எழுதிக்கொண்டு, தபாலில் அனுப்புவார்கள். வராது, போன காசு போனதுதான் என்று அப்பாவிடம் நான் அடித்துச் சொன்னேன். நானும் அப்போது உங்களைப் போலத்தான்.

ரிசல்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. அப்பா ஊருக்குப் போய் இன்னும் 14 வருடம் இருந்தார். ஒரு மாதம் கழித்துப் போட்டோ சரியாக வந்து சேர்ந்தது, விலாசத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதில் அப்பா முகம் தெரியாது. போட்டோக்காரர் எத்தனை தடவை கூப்பிட்டும் ‘கிளிக்’ என்ற நேரத்தில் திரும்பித் தூணைப் பார்த்துவிட்டார். வேட்டி, முதுகு, வலது கையில் சுருட்டின நூல், அதன் நுனியில் எங்கள் பூட்டு.

கோணலுக்குக் காரணம் ரொம்ப நாள் கழித்து ஒரு பழைய புத்தகத்தில் கிடைத்தது. வாசலுக்கு நேராக ஒரு பெரிய சாலை போடுவதாகத் திட்டம். கட்டடத்துக்கே 21 லட்சம் செலவாகிவிட்டது, சாலை போடக் காசில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். வாசல் வராத சாலையைப் பார்த்து நிற்கிறது, நாம் இருக்கிற சாலையில் நடந்து போகிறோம். இதை ஓர் இன்லண்ட் லெட்டரில் அப்பாவுக்கு எழுதினேன். பதில் ஒரு வாரத்தில் வந்தது. நலம், மழை இல்லை, தங்கைக்கு வரன் பார்க்கிறோம் என்று எழுதிவிட்டு, ஒட்டுகிற இடத்தில் பொடி எழுத்தில்: “கொத்தனார் மேல தப்பு இல்ல. காண்ட்ராக்டர் காசு தரலை. எங்கயும் இதான்.”

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா, அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு மூட்டு வலி, காரம் ஆகாது, கூட்டம் பிடிக்காது (இது உங்களுக்கா அவர்களுக்கா?), எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன வேலை பார்த்தார், அம்மாவுக்கு என்ன கைவேலை தெரியும் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதுங்கள், அப்புறம் சொல்கிறேன். அவசரமாக இருந்தால் அவர்களையே கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.