போனில் பனிப்படம் வந்தால் கரட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: கந்தப்பளையில் அரை ஏக்கரில் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறேன். வரும் செவ்வாய் இரவு பனிப்பொழிவு என்று போனில் காட்டுகிறது. தரகர் ஒருவர் அதைக் காட்டி, எல்லாம் கருகப்போகிறது, நிலத்தோடு கொடுங்கள் என்று பாதி விலைக்குக் கேட்கிறார். முற்பணமும் நீட்டுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முற்பணத்தில் கைவைக்கவே வேண்டாம்.

நம் வானத்தில் தண்ணீர் உறையும் குளிர் ஏறத்தாழ 4,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குகிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சியே 2,524 மீற்றர்தான். மேலே உருவாகும் பனித்துகள் நம்மிடம் வந்து சேருவதற்குள் மழையாகிவிடும். போனில் அந்தப் படத்தைப் போடுவது கணினி. பல மைல் அகலக் கட்டம் ஒன்றுக்கு ஒரே கணக்கு. அதற்குள் மலையும் பள்ளத்தாக்கும் ஒன்றாகிவிடும்.

தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்றுதான் சொல்கிறோம். தரகருக்கு வசதி அதுதான். உங்கள் நிலத்துக்கு வரக்கூடியது உறைபனி. தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உப்புத் தூவியது போலப் படிவது. அது விழ மேகமே இருக்கக்கூடாது. வானம் வெளித்து, காற்றும் அசையாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போலக் காக்கும். தரகர் காட்டும் படத்தில் மேகம் இருக்குமே, அது உண்மையானால் அன்றிரவு உங்கள் பயிருக்கு நல்லது. போனில் வெறும் நிலாவும் பக்கத்தில் 5 பாகையும் தெரிகிற இரவுக்குத்தான் பயப்பட வேண்டும். அந்த 5, ஏறத்தாழ ஆள் உயரத்துக் காற்றின் கணக்கு. புல் மட்டத்தில் இன்னும் நாலைந்து பாகை குறையலாம்.

இதிலும் பள்ளக்காணிக்குக் கணக்கு வேறு. குளிர்காற்று கனமானது, இரவில் தண்ணீர் போலச் சரிவில் இறங்கி ஓடையோரத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலி இருந்தால் அணை கட்டியது போல அங்கேயே நிற்கும். மேட்டுக்காணிக்காரர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார், அவர் சொல்வதும் உண்மை. அதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் உருளைக்கிழங்கு பள்ளத்தில் இருந்தால், சந்தேகமான இரவிலும் மூடுங்கள்.

கரட் தாங்கும், இலைநுனி கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரம். உருளைக்கிழங்கு இலைதான் மறுநாள் மதியத்துக்குள் கறுத்துத் தொங்கிவிடும். பகலில் மண்ணை நனைத்து, வெயில் இறங்குமுன் குச்சி நட்டுச் சாக்கால் மூடுங்கள். பொலித்தீன் இலையில் படவே கூடாது, பட்ட இடம் உறையும்.

இந்தத் தரகர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒருமுறை ஓர் அம்மாவிடம் காட்டிய போனை நான் வாங்கிப் பார்த்தேன். முன்னறிவிப்பே கிடையாது, பிடித்துவைத்த படம். மூலையில் மூன்று மாதம் முந்திய திகதி. அந்த அம்மா லீக்ஸை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். "பனி மருந்து" என்று போத்தலில் விற்பவர்களும் இதே கூட்டம்தான். விவசாயப் போதனாசிரியரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வாங்காதீர்கள்.

2006 மார்ச், ஏப்ரலில் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையடியில் காற்றை ஆராய விமானம், பலூன், லேசர் என்று கொண்டுபோய் இறக்கினார்கள். வசந்தத்திலும் நிஜமாகவே பனி கொட்டும் மலை அது. நமக்கு அவ்வளவு வேண்டாம். அதிகாரிகளிடம் நான் கேட்டது பள்ளத்தாக்குக்கு ஒரு புல்மட்ட வெப்பமானிதான். எத்தனை கடிதம் எழுதிவிட்டேன்! மாகாணம் முழுவதுக்கும் ஒரே வரியில் அறிவித்தல் கொடுத்தால் ஓடையோரத்துக்காரர் என்ன செய்வார்?

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். மேகமில்லாமல், இலையும் அசையாமல் இருந்தால் உருளைக்கிழங்கை மூடுங்கள். கரட் அப்படியே நிற்கட்டும்.