மறு: சிங்கக்குட்டி படம் பார்த்து அழும் மகன்

சகோ, கூண்டைத் திறந்துபோட்டதில் கிளி பறந்துபோச்சு, அதிலிருந்து ஏழு வயசுப் பையன் சரியாப் பேசறதில்லை, இப்போ 'தி லயன் கிங்' (1994) பார்த்து அப்பா சிங்கம் சாகிற இடத்தில் தேம்பறான், படத்தை நிறுத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்க.

படத்தில் குட்டிச் சிங்கம் சிம்பா தப்பே செய்யலை. அப்பா செத்த பழியை அவன் தலையில் கட்டி ஓட விடறது சித்தப்பா ஸ்கார். உங்க வீட்டில் கதவைத் திறந்தது பையன்தான். "உன் தப்பே இல்லடா"ன்னு பூசி மெழுகினா அவனுக்குத் தெரிஞ்சிடும். அதுக்காக 'கிளியைத் தொலைச்சவன்'ங்கிறதே அவன் பேராகவும் ஆகிடக் கூடாது.

ரஃபிக்கி குரங்கு கம்பால மண்டையில் ஒண்ணு போடும். சிம்பா வலிக்குதும்பான். பழசு வலிக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டு மறுபடி ஓங்கும்; இந்தத் தடவை குனிஞ்சிடுவான். அங்கே நிறுத்தி, "நாம எப்படிக் குனியலாம்?"னு கேளுங்க. பதிலை அவனே சொல்லட்டும்.

எங்க வீட்டிலும் இதே மாதிரி மகளோட தப்பால ஒரு மீன் தொட்டி விவகாரம். ரெண்டு நாள் யோசிச்ச மகள், தீவன டப்பா மேல தேதி எழுத ஆரம்பிச்சா. நான் எதுவும் சொல்லலை.

மந்தை மிரண்டு ஓடற காட்சியை மட்டும் தூங்கப்போற நேரத்தில் போடாதீங்க.